மடத்து ஏடுகள்: எழுத்தும் சித்திரமும்

வரலாற்று வகுப்பில் ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் பயின்ற நம் மாணவர்கள், அக்காலக் கிறித்தவத் துறவியர் எழுதிய ஓவியச் சுவடிகளின் படங்களைப் பாடநூலிற் கண்டிருப்பார்கள். அவற்றுள் தலைசிறந்தது அயர்லாந்தின் டப்ளின் நகரிலே திரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கும் கெல்ஸ் சுவடியாகும். கி.பி. 800 அளவில் எழுதப்பட்ட அந்நூலில் நான்கு நற்செய்தி நூல்களும் இலத்தீன் மொழியில் உள்ளன. பதப்படுத்திய கன்றுத்தோலினாலான 340 இதழ்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. ஒரு பக்கம் முழுவதையும் ஓரிரு எழுத்துகளே நிறைத்து நிற்க, அவ்வெழுத்துகளின் உடலுக்குள்ளே கொடியும் பறவையும் பூனையும் எலியும் பின்னிக் கிடக்கும் அழகினைக் காண்போர் வியவாமல் இருக்கமாட்டார்கள்.

இதனைக் கண்ட பிள்ளையொன்று, "நம்மவருடைய மடங்களிலும் இப்படிப்பட்ட புத்தகங்கள் இருந்தனவா?" என்று வினவினால் பெற்றோர் என்ன விடை கூறுவது? இருந்தன என்பதே விடை. ஆயினும் அவை இருந்த வகை வேறு. அவற்றுக்கு நேர்ந்த கதையும் வேறு. அக்கதையைச் சற்று விரிவாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலை விதித்த அளவு

தோலில் எழுதியவருக்கு அகன்ற பக்கம் கிடைத்தது. நம் முன்னோருக்குக் கிடைத்ததோ பனையோலை. பனையிலும் தாளிப்பனையிலும் இருந்து எடுத்த ஓலையை வாரி, பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கிச் சுவடி சேர்த்தனர். நீளம் மிகுதி, அகலமோ மூன்று விரலளவைத் தாண்டுவது அரிது. எழுத்தாணியாற் கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்குமாதலால், விளக்குக்கரியோடு ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள் முதலியவற்றைச் சேர்த்துத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் மை தங்கிவிட, எழுத்துக் கண்ணுக்குத் தெரியும். ஈழத்தில் விஜயதசமி நாளிலே பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும்போது கையிற் கொடுக்கப்படும் மஞ்சள் தடவிய ஓலை இந்த மரபின் எச்சமே.

சுவடியின் இரு துளைகளுள் ஒன்றிற் செப்புக் கம்பியையோ மூங்கிற் குச்சியையோ செருகுவர். அதற்கு நாராசம் என்று பெயர். மற்றத் துளையிற் கயிறு கோத்துக் கட்டுவர். கயிற்றின் தலைப்பில் ஓலையைக் கிளியின் மூக்குப் போலக் கத்தரித்துப் பொருத்துவதுண்டு. அதனைக் கிளிமூக்கு என்றே அழைத்தனர். மேலும் கீழும் மரச்சட்டங்கள் காவலாக இருக்கும். இலங்கையின் பௌத்த விகாரைகளில் இச்சட்டங்களின் மேல் தாமரையும் கொடியும் வண்ணத்தில் தீட்டினர். கொழும்பு அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அவற்றைக் காணலாம். அங்கெல்லாம் அழகு பெரும்பாலும் சட்டத்தில் இருந்தது. ஓலையில் எழுத்து மட்டுமே இருந்தது.

ஓலையின் மேலேயே தூரிகை கொண்டு வண்ண ஓவியம் தீட்டிய பழஞ்சுவடிகள் தென்னாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானவற்றைக் காண நாம் கருநாடக மாநிலத்துக்குச் செல்லவேண்டும்.

மூடபித்ரியின் ஏடுகள்

மங்களூருக்கு வடகிழக்கே உள்ள மூடபித்ரி, சமணர்களின் பழம்பதி. ஆயிரங்கால் பசதி என்னும் புகழ்பெற்ற கோயில் அங்கே 1430இல் எழுந்தது. பசதி என்பது சமணக் கோயிலுக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர். அவ்வூரிற் சமண மடமும் உண்டு. மடாதிபதிகள் சாருகீர்த்தி என்னும் பட்டப்பெயரைத் தாங்கி வருகின்றனர். அங்குள்ள குரு பசதியில், சித்தாந்த பசதி என்றும் அதனை வழங்குவர், போற்றிக் காக்கப்பட்டு வந்தவையே நாம் கூறவந்த சுவடிகள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹொய்சள மன்னர் காலத்தில் எழுதப்பட்டவை. மொழி பிராகிருதமும் வடமொழியும். எழுத்துப் பழைய கன்னட எழுத்து.

நூலின் பெயர் ஷட்கண்டாகமம், அதாவது ஆறு பகுதிகளைக் கொண்ட ஆகமம். திகம்பர சமணர்களின் மிகப் பழைய மறைநூல்களுள் ஒன்று. அதன் முதல் ஐந்து பகுதிகளுக்கு வீரசேனர் என்னும் ஆசாரியர் எழுதிய பேருரைக்குத் தவளா என்று பெயர். (தவளம் என்றால் வெண்மை, தவளையை நினைத்துச் சிரிக்கவேண்டாம்.) இவ்வுரை கி.பி. 816இல் நிறைவுற்றது என்பர்.

உள்ளே இருப்பது என்ன? உயிரின் பல்வேறு நிலைகள், வினை உயிரை எவ்வாறு பற்றுகின்றது, எவ்வளவு காலம் பற்றி நிற்கின்றது என்னும் நுட்பமான ஆராய்ச்சி. கதையில்லை, போரில்லை. ஆனால் கணக்கு நிறைய உண்டு! எண்ணிறந்த உயிர்களையும் எல்லையற்ற காலத்தையும் அளந்து பேச முற்பட்ட ஆசிரியர்களுக்குப் பேரெண்களைக் கையாளும் வழிகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று அர்த்தச்சேதம், அதாவது ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் கணக்கு. 32ஐப் பாதியாக்கினால் 16. பின்னர் 8, 4, 2, 1. ஐந்து முறை. எனவே 32இன் அர்த்தச்சேதம் 5. உயர்வகுப்பு மாணவர்கள் இதனை உடனே இனங்கண்டுகொள்வர்: இரண்டினை அடியாகக் கொண்ட மடக்கை இதுவே. ஐரோப்பாவில் மடக்கை அட்டவணை அச்சேறியது 1614இல். துறவிகள் உயிரைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்து, அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கணக்கைப் பயன்படுத்தியிருக்கின்றனர்.

இனி, சித்திரங்கள். நீண்ட ஏட்டின் சில இடங்களில் எழுத்தை நிறுத்திச் சிறு கட்டங்கள் விட்டு, அவற்றுள் ஓவியம் தீட்டியிருக்கின்றனர். பாம்பு குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதர், தவத்திலே மெய்ம்மறந்து நின்றமையாற் கொடிகள் காலிலும் கையிலும் படர்ந்த பாகுபலி, மாமர நிழலிற் குழந்தைகளோடும் சிங்கத்தோடும் இருக்கும் அம்பிகை, பத்மாவதி, கல்வித்தெய்வமாகிய சுருததேவி, வணங்கி நிற்கும் அடியார்கள். ஓரங்களில் கொடிகளும் பூவேலைப்பாடுகளும். கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தி தென்னிந்திய ஓவியங்களைப் பற்றி எழுதிய நூலில் இவற்றை விதந்து பேசியுள்ளார். மூன்று விரல் அகலத்துக்குள் ஒரு தெய்வத்தை முழுமையாக அமர்த்துவது எளிய செயலன்று. ஓவியர் உருவத்தை அமரவைத்தோ மரத்தின் கீழ் ஒடுக்கியோ அவ்விடருக்கு வழிகண்டார். இதே அம்பிகையை நம் தமிழ்நாட்டுக் கழுகுமலைப் பாறையிலும் சிங்கத்தோடு காணலாம். தமிழ்ச் சமணர் அவளை இயக்கி என்று வழிபட்டனர்.

இச்சுவடிகளை எழுதுவித்தோர் யாவர் என்பதும் அறியத்தக்கது. ஆறாம் பகுதியான மகாபந்தத்தின் ஏட்டிறுதியில், மல்லிகப்பை என்னும் பெண்மணி தம் ஸ்ரீபஞ்சமி நோன்பை நிறைவுசெய்தபோது அதனை எழுதுவித்து மாகநந்தி முனிவருக்கு வழங்கிய செய்தி காணப்படுகின்றது. நோன்பு முடிந்தால் கோயிலுக்கு விளக்கோ மணியோ அளிப்பது நாமறிந்த வழக்கம். ஒரு புத்தகத்தைப் படியெடுப்பித்து அளிப்பதையும் அப்பெண்மணி அறமென்று கருதினார். மடத்திலே நூல்கள் பெருகியதற்கு இல்லறத்துப் பெண்களின் பொருளும் காரணமாயிற்று.

ஓரெழுத்துச் சோதனை

இந்நூல் ஏட்டில் ஏறிய வரலாற்றை வீரசேனரே தம் உரையிற் கூறுகின்றார். கிர்நார் மலையில் ஒரு குகையில் வாழ்ந்த தரசேனர் என்னும் முதிய ஆசாரியர், தாம் மனத்தில் வைத்திருக்கும் கல்வி தம்மோடு அழிந்துவிடுமோ என்று அஞ்சினார். தெற்கிலிருந்து இரண்டு இளந்துறவியர் வரவழைக்கப்பட்டனர். அவர்களைச் சோதிக்க விரும்பிய ஆசாரியர், ஒருவருக்கு ஓரெழுத்துக் கூடுதலான மந்திரத்தையும் மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். இருவரும் நோன்பிருந்து உருவேற்றினர். தெய்வங்கள் தோன்றின, ஆனால் ஒரு தெய்வத்துக்குப் பல் வெளியே நீண்டிருந்தது, மற்றத் தெய்வத்துக்கோ ஒரு கண் இல்லை. தெய்வத்தின் வடிவில் ஊனம் இராது, ஊனம் மந்திரத்தில்தான் இருக்கவேண்டும் என்று தெளிந்த சீடர்கள், கூடிய எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தெய்வங்கள் முழுவடிவோடு தோன்றின. அதன் பின்னரே தரசேனர் பாடஞ்சொல்லத் தொடங்கினார்.

அவ்விருவரும் புட்பதந்தர், பூதபலி என்போர். அவர்களே ஆகமத்தை நூலாக யாத்தவர்கள். பாடங்கேட்டு முடிந்தபின் பூதபலி தமிழ்நாட்டுக்குச் சென்றார் என்று சமண மரபு கூறுவது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும். நூல் நிறைவெய்திய நாளைச் சுருதபஞ்சமி என்று இன்றும் கொண்டாடிப் புத்தகங்களுக்குப் பூசை செய்கின்றனர். நவராத்திரியில் புத்தகம் வைத்து வணங்கும் நமக்கு இது புதிதன்று.

எழுத்துப்பிழையைப் பற்றி இதைவிடச் சிறந்த கதையொன்றைக் கட்டுரையாளர் கேட்டதில்லை. சொல்லெழுதுதற் பயிற்சியில் ஓரெழுத்துத்தானே என்று வாதிடும் மாணவர்க்கு இதைக் கூறிப் பார்க்கலாம். கெல்ஸ் சுவடியிலும் இத்தகைய வழு உண்டு. 'வாள்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை எழுதவேண்டிய இடத்தில், சற்றே எழுத்து மாறியதனால் 'மகிழ்ச்சி' என்னும் சொல் வந்து விழுந்திருக்கின்றது! உலகம் வியக்கும் ஓவியத்துக்கு நடுவே அந்தப் பிழையும் ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக இருந்து வருகின்றது.

பூசையிலிருந்து வாசிப்புக்கு

மூடபித்ரிச் சுவடிகளின் பிற்கால வரலாறு வியப்பும் வருத்தமும் கலந்தது. நூலின் புனிதம் வளர வளர அதனை வாசிப்போர் குறைந்தனர். யாத்திரிகர்கள் வந்தால் ஏட்டைக் காட்டுவர். அவர்கள் கும்பிட்டுச் செல்வர். வேறெங்கும் இதன் முழுப்பிரதி இல்லாமற்போயிற்று. நூலின் பெயரை எல்லோரும் அறிந்திருந்தனர்; நூலில் என்ன இருக்கின்றது என்பதை அறிந்தவர் அரியர். பழைய கன்னட எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் அருகினர்.

1883இல் மும்பை வணிகரான மாணிக்சந்த் யாத்திரை வந்தபோது ஏடுகளைக் கண்டார். இவற்றைப் படிக்க ஆளுண்டா, படியெடுக்கலாகாதா என்று கேட்கத் தொடங்கினார். பல ஆண்டு முயற்சியின் பின், 1896 அளவில், நாகரி எழுத்திற் படியெடுக்கும் பணி தொடங்கியது. அது முற்றுப்பெற 1922 வரை, கால் நூற்றாண்டு, சென்றது. அப்பொழுதும் அப்படிகள் ஊரைவிட்டு வெளியே செல்லலாகாது என்பது கட்டளை.

ஆனால் எழுதுவோர் கையைக் கட்டளை முழுவதும் தடுக்கவில்லை. படியெடுத்த கஜபதி உபாத்தியாயர், தம் மனைவி லட்சுமிபாயின் துணையோடு, கன்னட எழுத்தில் இன்னொரு படியை மறைவாக எழுதி வைத்தார். அது வடநாட்டிலுள்ள சகாரன்பூருக்குச் சென்று ஒரு கோயிலில் இடம்பெற்றது. அங்கே அதனை நாகரியில் மாற்றி எழுத அமர்த்தப்பட்ட சீதாராம சாத்திரி, தமக்கென்று மற்றொரு படியைச் சத்தமின்றி எடுத்துக்கொண்டார்! அப்படியிலிருந்தே பல ஊர்களுக்குப் பிரதிகள் பரவின. அவற்றைக் கொண்டே பேராசிரியர் ஹீராலால் ஜைன் 1939இல் முதல் தொகுதியை அச்சிட்டார். நூல் அச்சில் வந்தபின் மூடபித்ரியாரும் மனமிரங்கி மூல ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க இசைந்தனர். தவளா உரை 16 தொகுதிகளாக வெளிவந்து நிறைவுற்றது.

மறைவாகப் படியெடுத்தது முறையா என்று பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டில் வாதிடலாம். வாக்கை மீறியது பிழையே என்பார் சிலர். மல்லிகப்பை எதற்காக ஏடு எழுதுவித்தார் என்று நினைத்துப் பார்க்கும்போது, கட்டுரையாளரின் மனம் லட்சுமிபாயின் பக்கமே சாய்கின்றது.

தமிழ் மடங்களில்

நம் தமிழ் மடங்களின் சுவடிகளில் இத்தகைய ஓவியத்தைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களில் திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் இருந்தன. அவற்றோடு இலக்கணம், புராணம், பழந்தமிழ்க் காப்பியம் எனப் பல்வேறு நூல்களும் இருந்தன. தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி. முடிவிலே 'குரு வாழ்க' என்னும் வாழ்த்து, எழுதி முடித்த ஆண்டு, மாதம், எழுதினவர் பெயர். அலங்காரம் அவ்வளவுதான். முத்துக்கோத்தாற் போன்ற எழுத்தையே அழகென்று கொண்டனர்.

அந்த எழுத்திலும் ஓர் இடர் இருந்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடமாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டமாட்டார்கள். ஏட்டிலே 'எரி' என்றிருந்தால் அது நெருப்பாகவும் இருக்கலாம், குளமாகிய ஏரியாகவும் இருக்கலாம்! இடம்நோக்கி அறிந்துகொள்வது படிப்பவர் கடன். எனவே, ஆசிரியரிடம் முறையாகப் பாடங்கேட்காதவருக்கு ஏடு கையிலிருந்தும் பயனில்லை. மடத்திலே நூல் மட்டுமன்றி, நூலைச் சொல்லித்தரும் வாயும் இருந்தது. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர் அவ்வழியில் வந்தவர்.

அவர் 1880இற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானபின், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலாற் சீவகசிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். திருத்தக்கதேவர் என்னும் சமணத் துறவி பாடிய காப்பியம் அது. சமண மரபுச் செய்திகள் விளங்காமல் இடர்ப்பட்டபோது, அவ்வூரில் வாழ்ந்த சமணர் வீடொன்றுக்குச் சென்றார். வாயிலிலே தோரணம் கட்டியிருந்தது. விசேடம் என்னவென்று வினவினால், வீட்டார் பல மாதங்களாகப் பாடங்கேட்டு வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாம்! ஏட்டிலே பூவேலையில்லை, ஏட்டைப் படித்து முடித்த வீட்டின் வாயிலில் இருந்தது. சைவ மடத்திற் கற்ற அந்தணர், சமண இல்லறத்தாரிடம் ஐயந்தீர்த்துக்கொண்டு, 1887இற் சிந்தாமணியை அச்சேற்றினார்.

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலை நம் மாணவர்கள் மேடைகளில் ஒப்பிப்பதுண்டு. அப்பட்டியலிற் சில பூக்களின் பெயர்கள் ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் விடுபட்டிருந்தன. அவற்றைத் தந்தது தருமபுர மடத்து ஏடு. அந்த ஓர் ஏட்டையும் செல் அரித்திருந்தால் அம்மலர்கள் நம் மொழியின் அந்தப் பாட்டிலிருந்து உதிர்ந்தே போயிருக்கும். தில்லையிற் பூட்டிய அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்த வரலாற்றைப் பெற்றோர் அறிவர்.

நம் வீட்டுப் பெட்டிகள்

ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. வெப்ப நாட்டிற் பெரும்பாலும் அதுவும் இல்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடிக் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்தார். அவர் கைபடாமற்போன ஏடுகள் எத்தனை! 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அச்சு நூல்களுட் பலவற்றுக்கு வேறெங்கேனும் பிரதி உண்டு. படியெடுக்கப்படாத சுவடிக்கு ஈடேது?

அவ்வூரிலிருந்தும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் புறப்பட்டு ஹரிஸ் பார்க்கிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. பரியாரியார் குடும்பம், சோதிடர் குடும்பம், புராணபடனம் செய்தோர் குடும்பம் என்றால் ஊர்வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ ஒரு கட்டு ஓலை இன்னும் இருக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால், கட்டை அவசரப்பட்டு அவிழ்க்க வேண்டாம். வரண்ட ஓலை கயிற்றோடு ஒடியும். தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம்; தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். ஓலையைப் பேணத் தெரிந்தோர் எலுமிச்சைப்புல் எண்ணெய் போன்றவற்றை அளவறிந்து பயன்படுத்துவர். அதனை அவர்களிடமே விடுவது நன்று. இதழ்கள் தாமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றையும் இருபக்கமும் வெளிச்சத்திற் படம் பிடியுங்கள். இடப்பக்க ஓரத்தில் உள்ள தமிழ் இலக்கம் படத்தில் விழவேண்டும். அதுவே ஏட்டின் எண். யாருடைய வீட்டில், எந்த ஊரில் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனத்தினர் ஈழத்து நூல்களோடு ஓலைச்சுவடிகளையும் எண்ணிமப்படுத்தி வருகின்றனர்; சென்னையில் உ.வே.சா. பெயரால் அமைந்த நூலகம் இருக்கின்றது. படங்களை அவர்களிடம் காட்டினால் உள்ளே இருப்பது மருத்துவமா, கணக்கா, பாட்டா என்று கூறக்கூடியவர்கள் கிடைப்பார்கள்.